அம்பு ஒட்டிய நாவல்

அம்பு அக்காவை நான் முதன்முதலில் பார்த்தபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டைக் காலரைத்தான் பார்த்தார். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் வேலைக்குப் போகிறான் என்று அப்பாவும் சித்தப்பாவும் பஸ் ஏறிப் போய், ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பார்த்து வாங்கி வந்த சட்டை அது. வேலை கிடைத்ததும் ஒரு சட்டைக் கம்பெனியில்தான். தரப் பிரிவில் அறிக்கை எழுத வேண்டும். முதல் நாள் படிவம் வாங்கப் போய் அக்காவின் மேசை முன்னால் நின்றேன். அவர் எட்டி என் காலரின் இடது நுனியை இரண்டு விரலால் புரட்டினார். சுருளிலிருந்து ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரைக் கிழித்து அங்கே ஒட்டினார்.

"நுனியில ஒரு தையல் தாவியிருக்கு. எங்க வாங்கினீங்க?"

"கடையிலதான்."

"கடையிலதான் வாங்குவாங்க. திருப்பிக் குடுத்துடுங்க தம்பி. துவைச்சா பிரியும்."

மூன்றாவது துவைப்பில் பிரிந்தது. அதற்குப் பிறகு நான் அவரை எதிர்த்துப் பேசியதில்லை. இந்தக் கதையில் எனக்கு வேறு வேலையும் இல்லை. அவரும் மற்றவர்களும் சாப்பாட்டு நேரத்தில் வாய்விட்டுச் சொன்னதைக் கோத்துத் தருகிறேன்.

கம்பெனியில் எல்லோருக்கும் அவர் அம்பு அக்காதான். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. நாலாம் லைனில் முப்பத்திரண்டு மெஷின்கள். ஒருவர் காலர், ஒருவர் கை, ஒருவர் பாக்கெட் என்று ஆளுக்கொரு பாகமாகத் தைத்து, முழுச் சட்டையானதும் அது அக்காவின் மேசையில் வந்து விழும். மேலே இரண்டு குழல் விளக்கு. அக்கா சட்டையை விரித்து, காலரில் ஆரம்பித்து, தோள், கை, பட்டன் என்று விரலாலேயே ஒரு சுற்றுப் போய் வருவார். குறை இருக்கிற இடத்தில் அம்பை ஒட்டித் தைத்தவரிடமே திருப்பி அனுப்புவார். அவர் அம்பைப் பிய்த்துவிட்டு, தையலைப் பிரித்து, மறுபடி தைத்து அனுப்ப வேண்டும். அதற்குப் பெயர் ஆல்டர். அன்றைக்கு யாருக்கு ஆல்டர் அதிகமோ அவர் முகத்தைச் சாயங்காலம் கேட்டருகே பார்த்தாலே தெரிந்துவிடும்.

செக்கிங் மேசையில் இருப்பவர் லைனிடமிருந்து எதையும் வாங்கக் கூடாது. இது கம்பெனி விதி. அக்கா அதை இன்னும் நாலு முடிச்சுப் போட்டு இறுக்கி வைத்திருந்தார். யாராவது பிறந்தநாள் மிட்டாய் நீட்டினால், "பல்லு வலி" என்பார். பதினாலு வருஷமாக அந்தப் பல் வலித்துக்கொண்டே இருந்தது. தண்ணீர்கூட வீட்டிலிருந்து கொண்டுவந்த பாட்டிலில்தான். யாராவது காலையில் கொஞ்சம் அகலமாகச் சிரித்துவிட்டால் போதும், அன்றைக்கு அவர் தைத்த பாகத்தை அக்கா இரண்டு தடவை பார்ப்பார். "சும்மா சிரிக்கிறதுக்கு அவளுக்கு என்ன, இன்னைக்கு ஏதோ சொதப்பியிருக்கா."

இவருக்கு முன்னால் அந்த மேசையில் இருந்தவர் லைனில் ஒருத்தி கொடுத்த ஒரே ஒரு தலைக் கிளிப்பை வாங்கிக் குத்திக்கொண்டார். விஷயம் அவ்வளவுதான். மறுநாளிலிருந்து அவர் பெயர் 'கிளிப்பு'. வேலையை விட்டுப் போகும்வரை கிளிப்பு, போன பிறகும் கிளிப்பு. தனக்கு அப்படி ஒரு பெயர் வந்துவிட்டால் அந்த மேசையில் ஒரு நாள்கூட உட்கார முடியாது என்பது அக்காவுக்குத் தெரியும். சட்டையைத் திருப்பி அனுப்பினால், "இவங்க சொல்லிட்டாங்களாக்கும்" என்று முப்பத்திரண்டு பேரும் கேட்பார்கள்.

அப்படிப்பட்டவரிடம் ஆறு நாவல்கள் இருந்தன.

அவர் தெருவில் இருந்த வாடகை நூலகத்தை மூடியபோது, "உங்களுக்கு வேணுங்கறத எடுத்துக்கங்கம்மா" என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். அக்கா ஒரு முழு மத்தியானம் நின்று நானூறு புத்தகங்களைப் புரட்டி ஆறை எடுத்தார். கடைக்காரருக்கே கொஞ்சம் அவமானமாகப் போய்விட்டது. காணாமல்போன தபால்காரர் கதை ஒன்று. பாலம் கட்டப் போய் அங்கேயே தங்கிவிட்ட என்ஜினீயர் கதை ஒன்று. பேச்சு நின்றுபோன வக்கீல் கதை ஒன்று. மற்ற மூன்றும் குடும்பக் கதைகள். ஆறையும் வரிசை மாறாமல் படிப்பார். கடைசியை முடித்ததும் முதலுக்குப் போவார்.

படிக்கும்போதும் கை சும்மா இருக்காது. குறை கண்ட இடத்தில் அம்பு. வக்கீல் கதையில் மூன்றாம் அத்தியாயத்தில் செத்துப்போன மாமா ஒன்பதாம் அத்தியாயத்தில் வந்து உட்கார்ந்து டீ குடிக்கிறார். அங்கே ஒரு அம்பு.

"செத்தவருக்கு டீ போட்டுக் குடுத்தது யாருங்க?" என்று வீட்டுக்காரரிடம் கேட்டார். அவர் தண்ணி லாரி ஓட்டுகிறவர். புத்தகம் அவருக்குத் தலையணைக்கு அடியில் வைத்து உயரம் கூட்ட மட்டுமே தேவைப்படும்.

"உன்னை மாதிரி ஒருத்தி கேள்வி கேட்டுக் கேட்டுத்தான் அவர் எந்திரிச்சு வந்திருப்பாரு."

குறை இருந்தும் அந்த ஆறையும் ஏன் விடவில்லை என்றால், அக்காவிடம் அதற்கு ஒரு காரணம் இருந்தது. குறை எங்கே என்று தெரிந்த சட்டையை நம்பிப் போட்டுக்கொள்ளலாம். எங்கே பிரியும் என்று தெரியாத புதுச்சட்டைதான் ஆளை நடுத்தெருவில் விடும்.

ஆனால் இந்த வருஷ ஆரம்பத்தில் ஒரு சிக்கல் வந்தது. பஸ்ஸில் தபால்காரர் கதையைப் படித்துக்கொண்டிருந்தவர், பக்கத்தை முடிக்காமலேயே புரட்டுவதைக் கவனித்தார். தபால்காரர் கதவைத் தட்டும் முன்பே அக்கா உள்ளே போய்த் திறந்துவிடுகிறார். அழ வேண்டிய இடத்தில் இறங்க வேண்டிய ஸ்டாப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வக்கீல், என்ஜினீயர் எல்லோரிடமும் அதே கதிதான். ஆறும் மனப்பாடமாகிவிட்டன. வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் அந்த நாற்பது நிமிஷம்தான் அவருக்கென்று இருந்த நேரம். அது இப்போது வெறும் பஸ் பயணமாகப் போய்விட்டது.

புது நாவல் தேடக் கிளம்பினார். வீட்டுக்காரர் பஸ் நிலையத்துக் கடையில் ஒன்று வாங்கி வந்தார். பின்னட்டையில், 'ஒரே மூச்சில் படித்து முடிப்பீர்கள்' என்று போட்டிருந்தது.

"எதுக்கு ஒரே மூச்சில படிக்கணும்? நடுவுல மூச்சு விட்டா எதையோ கண்டுபிடிச்சிடுவோம்னு பயப்படறாங்க."

"ஏம்மா, படிச்சுப் பாத்துட்டுச் சொல்லு."

"படிச்சப்புறம் சொல்லி என்ன ஆகப்போகுது?"

புத்தகக் கடைக்கே போனார். கடைக்காரர் அடுக்கிலிருந்து ஒன்றை உருவி, "இதுதான்கா இப்ப எல்லாரும் வாங்கறாங்க" என்றார். நன்றாகப் போகிற சரக்கை யாரும் இப்படித் தள்ளிவிட மாட்டார்கள் என்று அக்கா நினைத்தார். உள்ளே கட்டுக் கட்டாகத் தேங்கிக் கிடக்கிறது போல. அவருக்கென்று ஒரு முறை இருந்தது. முதல் பக்கத்தைப் படிக்க மாட்டார். முதல் அத்தியாயம் முடிந்து இரண்டாவது தொடங்கும் இடத்தைப் பிரிப்பார். எந்தத் துணியும் ஒட்டுப் போட்ட இடத்தில்தானே பிரியும்? அங்கே நின்று மூன்று பக்கம் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவைப்பார். அப்படி மாசத்துக்கு ஐந்து புத்தகம் திரும்ப அடுக்குக்குப் போயின. கடைக்காரர் அவரைக் கண்டாலே தூசி தட்ட ஆரம்பித்துவிடுவார்.

இந்த நிலையில்தான் ஒரு வெள்ளிக்கிழமை வக்கீல் நாவலைச் சாப்பாட்டு அறையில் மறந்து விட்டுவிட்டார். திங்கட்கிழமை காலையில் அது அவருடைய மேசை மேல் இருந்தது.

வைத்தது யார் என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. இரண்டு நாள் வெளியே இருந்துவிட்டு வந்த புத்தகத்தை அப்படியே பைக்குள் வைக்க அவருக்கு மனம் வரவில்லை. பக்கம் பக்கமாகச் சரிபார்த்தார். அவர் ஒட்டியிருந்த அம்புகள் ஒன்பது. இப்போது பத்து இருந்தன.

எண்பத்தெட்டாம் பக்கம். வக்கீல் ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறார், வலது கையால். அந்த வலது கை ஐந்தாம் அத்தியாயத்தில் முறிந்து, இன்னும் கட்டோடு தொங்கிக்கொண்டிருக்கிறது. பதினொரு தடவை படித்த புத்தகம். பதினொரு தடவையும் அந்தக் கை அவர் கண்ணை ஏமாற்றியிருக்கிறது.

அன்று முழுக்கச் சட்டையை விரிக்கும்போதெல்லாம் நிமிர்ந்து லைனைப் பார்த்தார். கம்பெனியில் யாரோ தன்னைவிடக் கூர்மையான கண்ணோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த ஆள் வாயைத் திறக்கவும் இல்லை. அதுதான் அவருக்குச் சரியாகப் படவில்லை.

ஒரு வாரம் கழித்து மேசை இழுப்பறையைத் திறந்தபோது உள்ளே ஒரு பொட்டலம். சட்டையை மடிக்கும்போது உள்ளே வைப்பார்களே, அந்த வெள்ளைத் தாளில் சுற்றியிருந்தது. பிரித்தால் ஒரு நாவல். அக்கா பார்த்தே இராத நாவல். பெயர், கையெழுத்து எதுவும் இல்லை.

இழுப்பறையைச் சட்டென்று மூடினார். யாரும் பார்க்கவில்லை. அதனாலேயே யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தோன்றியது. யார் வேலை இது என்று யோசிக்க அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. நாலாம் லைன் சூப்பர்வைசர். பத்து நாளாக லைனில் ஆல்டர் கூடிக்கொண்டே போகிறது. மேலிடத்திலிருந்து அவருக்குத் திட்டு விழுந்துகொண்டிருக்கிறது. மிட்டாய்க்கு மசியாதவள் புத்தகத்துக்கு மசிவாள் என்று எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டார்.

நேராகக் கொண்டுபோய் மேலாளர் மேசையில் வைத்திருக்க வேண்டும். அப்படித்தான் முடிவும் செய்தார். ஆனால் என்ன பொருளை ஒப்படைக்கிறோம் என்று தெரியாமல் எப்படி ஒப்படைப்பது? சாப்பாட்டு நேரத்தில் இழுப்பறைக்குள் வைத்தபடியே திறந்தார். ஒட்டுப் போட்ட இடத்துக்குப் போக நேரமில்லை, முதல் பக்கம்தான் கண்ணில் பட்டது.

ஒரு பெண் பல வருஷம் கழித்துத் தன் வீட்டுக்குத் திரும்புகிறாள். அவளிடம் இருக்கும் சாவி பூட்டில் சேர்கிறது. கதவைத் திறந்தால் உள்ளே முன்பின் தெரியாத மூன்று பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதில் ஒருவர் நிமிர்ந்து பார்த்து, "ஏன் இவ்வளவு நேரம்?" என்று கேட்கிறார்.

மணி அடித்தது. அக்கா இழுப்பறையை மூடவில்லை. இரண்டாவது மணிக்குத்தான் மூடினார். சாயங்காலம் புத்தகம் அவர் பையில் இருந்தது, சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில். பதினாலு வருஷத்தில் கேட்டில் பையைப் பாதி மட்டும் திறந்து காட்டியது அன்றைக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டுக்காரர் குறட்டை விட முப்பது பக்கம் போயிருந்தது. முப்பத்தாறாம் பக்கத்தில் அக்கா நின்றார். ஓரத்தில் ஒரு சிவப்பு அம்பு.

அந்தப் பெண் பதில் சொல்லாமல் உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்ற இடம். 'அவளுக்குப் பசித்தது' என்று ஒரு வரி. அம்பு அந்த வரியைக் காட்டிக்கொண்டு நின்றது. இதில் என்ன குறை? அக்கா முன்னால் பத்துப் பக்கம் போய்ப் பார்த்தார். காலையில் அவள் எதுவும் சாப்பிட்டதாக இல்லை. பசிக்கத்தான் செய்யும். அறுபத்திரண்டாம் பக்கத்தில் இன்னொரு அம்பு. வீட்டில் இருக்கும் கிழவர் நின்றுபோன கடிகாரத்துக்குத் தினமும் சாவி கொடுக்கிறார். அங்கேயும் எதுவும் இடிக்கவில்லை. தொண்ணூறில் ஒன்று, நூற்றுப்பத்தில் ஒன்று. நாலு இடத்தையும் ஏழெட்டுத் தடவை படித்தார். காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிக்கூடப் பார்த்தார். குறை அகப்படவில்லை.

"என்ன புத்தகத்தைச் சல்லடை போட்டுச் சலிக்கிற?" என்றார் விழித்துக்கொண்ட வீட்டுக்காரர்.

"ஏங்க, இதுல எதாவது தப்பு தெரியுதா பாருங்க."

அவர் வரியைப் படித்தார். "பசிச்சா சாப்பிடறா. இதுல என்ன தப்பு? எனக்குந்தான் பசிக்குது."

எண்பத்தெட்டாம் பக்கத்தில் முறிந்த கையைக் கண்டுபிடித்த அதே ஆள்தான் இந்த அம்புகளையும் ஒட்டியிருக்க வேண்டும். அந்தக் கண்ணுக்குத் தெரிந்த குறை தன் கண்ணுக்குத் தெரியவில்லை. அப்படியென்றால் தன் கண் போய்க்கொண்டிருக்கிறது. இத்தனை நாளாக மேசையில் எத்தனை தாவிய தையலை விட்டோமோ?

திங்கட்கிழமை அவர் நாலாம் லைன் சட்டைகளைப் பார்த்த பார்வையை லைன் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஒரு பக்கம், புத்தகத்தைக் கொடுத்து மடக்கிவிட்டதாக நினைக்கும் சூப்பர்வைசருக்குத் தான் யாரென்று காட்ட வேண்டும். இன்னொரு பக்கம், கண்ணுக்குத் தெரியாத குறையைப் பிடித்தாக வேண்டும். காலர்தான் சட்டையிலேயே நுணுக்கமான பாகம். காலரில்தான் கை வைத்தார். நுனி கொஞ்சம் சாய்ந்த மாதிரி இருந்தால் அம்பு. ஓரத் தையல் ஓரத்துக்கு அரை நூல் உள்ளே தள்ளிய மாதிரி இருந்தால் அம்பு. ஒன்றுமே தெரியாவிட்டால் சந்தேகம் வலுத்து, அதற்கும் ஒரு அம்பு. மத்தியானத்துக்குள் அறுபத்தொரு காலர் திரும்பிப் போனது.

காலர் தைக்கும் அம்மா அந்த மெஷினில் இருபது வருஷமாக இருப்பவர். லைனில் எல்லோருக்கும் அவர் காலரம்மா. பேசினால் மெஷின் நின்றுவிடும் என்பதுபோல வாயைத் திறக்காத ஆள். அறுபத்தொன்றையும் வாங்கி வைத்துக்கொண்டு, முதல் காலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பிரிக்கத் தொடங்கினார்.

சூப்பர்வைசர் ஒரு சட்டையைத் தூக்கிக்கொண்டு மேசைக்கு வந்தார்.

"அக்கா, இதுல என்ன குறை?"

"அம்பு ஒட்டியிருக்கில்ல?"

"அம்பு தெரியுது. குறைதான் தெரியல."

"தெரியாததாலதான் நீங்க அங்க இருக்கீங்க, நான் இங்க இருக்கேன்."

"விளையாடாதீங்கக்கா. லைன் நிக்குது."

அக்கா குரலைத் தணித்தார். "எனக்கு எதாவது குடுத்தா விட்ருவேன்னு நெனச்சீங்க, இல்ல?"

"நான் என்ன குடுத்தேன்? நீங்கதான் மிட்டாய்க்கே பல்லு வலிங்கறவங்களாச்சே."

அவர் முகத்தில் பொய் தெரிகிறதா என்று அக்கா பார்த்தார். தெரியவில்லை. நன்றாக நடிக்கிறார் என்று எடுத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமையும் அதே கதை. சாயங்காலம் சூப்பர்வைசர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "நாளையிலேருந்து காலர்ல வேற ஆள். நீங்க நூல் வெட்டப் போங்கம்மா. கொஞ்ச நாள் கைக்கு ஓய்வு குடுங்க." நூல் வெட்டுவது புதிதாகச் சேருகிறவர்கள் செய்யும் வேலை. இருபது வருஷம் காலர் தைத்தவருக்கு அதைவிட ஒரு அடி வேண்டாம். காலரம்மா தலையை மட்டும் ஆட்டினார்.

அக்கா பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து நாவலைத் திறந்தார். இன்னும் வெளிச்சம் இருந்தது. மேலே படிக்க ஓடவில்லை. முப்பத்தாறாம் பக்கத்து அம்பை நகத்தால் நெருடிக்கொண்டே இருந்தார். அது ஒரு முனையில் எழும்பியது. சுருளிலிருந்து புதிதாகக் கிழித்து ஒட்டிய அம்பு அவ்வளவு லேசில் எழும்பாது. உரித்துத் திருப்பிப் பார்த்தார். பசையில் நீல நிறப் பஞ்சு ஒட்டியிருந்தது. சட்டைத் துணியின் பஞ்சு.

அம்புச் சுருள் லைனில் செக்கிங் மேசையைத் தவிர வேறெங்கும் கிடையாது. சூப்பர்வைசர் வேண்டுமென்றால் ஸ்டோரில் கேட்டுப் புதுச் சுருள் வாங்கிவிடுவார். இது ஒருமுறை துணியில் ஒட்டிப் பிய்த்த அம்பு. அக்காவே ஏதோ ஒரு சட்டையில் ஒட்டியது. ஆல்டர் வாங்கிய யாரோ அதைப் பிய்த்துப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்கள்.

பிய்த்த அம்பை எல்லோரும் தரையில்தான் போடுவார்கள். ஒரே ஒருவர் மட்டும் தன் மெஷின் விளக்கின் வளைந்த கழுத்தில் வரிசையாக ஒட்டிவைப்பார். அந்த விளக்கு கழுத்துவரை சிவந்து கிடக்கும். அக்கா அதைப் பல வருஷமாகப் பார்த்திருக்கிறார். 'எவ்வளவு வேணா ஒட்டிக்கோ, எனக்கென்ன' என்கிற திமிர் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

அவர் இறங்க வேண்டிய ஸ்டாப் போய்விட்டது. அடுத்ததில் இறங்கித் திரும்பி நடந்தார்.

புதன்கிழமை காலை முதல் மணிக்கு முன்பே போய்விட்டார். காலரம்மா தன் கத்தரிக்கோலையும் குஷனையும் ஒரு பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். நூல் வெட்டும் மேசைக்குப் போகத் தயாராக. அக்கா போய் அந்த விளக்கின் எதிரில் நின்றார். வரிசையில் ஐந்து இடம் காலியாக இருந்தது.

"வக்கீலோட வலது கை நீங்கதானா?" என்றார்.

காலரம்மா நிமிர்ந்து பார்த்தார். "கட்டுப் போட்ட கையால கையெழுத்துப் போட்டா கண்ணை உறுத்தாதா?"

"எனக்கு உறுத்தல."

"நீங்க வக்கீல் மேல பிரியமா படிச்சிருப்பீங்க. எனக்கு அந்த ஆளைப் பிடிக்கல."

அக்காவுக்குச் சிரிப்பு வரப்பார்த்தது. அடக்கிக்கொண்டார். "என் புத்தகத்தை யாரைக் கேட்டு எடுத்துட்டுப் போனீங்க?"

"பதினாலு வருஷமா என் காலரை நீங்க படிக்கிறீங்க. நான் உங்க புக்கை ரெண்டு நாள் படிச்சா என்ன?"

"சரி, இதை ஏன் திருட்டுத்தனமா வெச்சீங்க?"

"கையில குடுத்தா வாங்கியிருப்பீங்களா?"

"மாட்டேன்."

"அதான்."

அக்கா பையிலிருந்து நாவலை எடுத்து முப்பத்தாறாம் பக்கத்தைப் பிரித்தார். மூன்று நாளாகத் தொண்டையில் நின்றதைக் கேட்டார். "இதுல என்ன குறை? எனக்குத் தெரியல. நாலு இடத்துலயும் தெரியல. சொல்லிடுங்க."

"குறையா?" காலரம்மா குழம்பினார். "அது குறை இல்ல அக்கா. எனக்குப் பிடிச்ச இடம். அந்தப் பொண்ணு சண்டை போடாம உட்கார்ந்து சாப்பிடறா பாருங்க, அங்க எனக்குத் தொண்டை அடைச்சிடுச்சு."

"அதுக்கு எதுக்கு சிவப்பு அம்பு?"

"வேற எதை ஒட்டறது? இங்க குறைக்கு மட்டுந்தானே ஸ்டிக்கர் குடுக்கறாங்க."

மெஷின்கள் எல்லாம் உறை போட்டு மூடியிருந்தன. அக்கா பக்கத்து ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். இல்லாத குறையைப் புத்தகத்தில் தேடித் தேடி, அது கிடைக்காமல் போய், அந்த ஆத்திரத்தில் காலர் காலராக ஒட்டியிருக்கிறார். அதுவும் இவருடைய காலரில்.

"நீங்க ஏன் நேத்தே வாயைத் திறக்கல?"

"என்னன்னு சொல்றது? புக்கு குடுத்தேன், அதனாலதான் அம்பு வருதுன்னா? லைன்ல என்ன சொல்வாங்க? உங்களையும் கிளிப்புன்னுவாங்க."

அந்தப் பெயர் இன்னொருவர் வாயிலிருந்து வந்ததும் அக்கா வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். காலரம்மா நூல் வெட்டப் போவார். நாலு வாரத்தில் எல்லோரும் மறந்துவிடுவார்கள். மேசையும் பெயரும் அப்படியே இருக்கும்.

"அந்தப் பையைக் கீழே வைங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

மேலாளர் அப்போதுதான் வந்து விளக்கைப் போட்டுக்கொண்டிருந்தார். அக்கா நாவலை அவர் மேசை மேல் வைத்தார்.

"சார், இது நாலாம் லைன்லேருந்து எனக்கு வந்தது. வாங்கிட்டேன்."

மேலாளர் அட்டையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். பதினாலு வருஷத்தில் பார்க்காத ஒன்றைப் பார்த்தவர்போல உட்கார்ந்தார். "யாரு குடுத்தா?"

"அதைச் சொல்ல மாட்டேன். வாங்கினது நான். இன்னொண்ணு. திங்கள், செவ்வாய் ரெண்டு நாளும் நான் காலர்ல ஒட்டின அம்பை நம்பாதீங்க. இன்னும் பிரிக்காத பீஸ் கிடக்கு. வேற செக்கரை வெச்சுப் பாருங்க."

பார்த்தார்கள். பிரிக்காமல் கிடந்தது நாற்பத்துமூன்று. அதில் முப்பத்தெட்டு நல்ல காலர். மீதி ஐந்தில் குறை இருந்தது. ஐந்தையும் கண்டுபிடித்தது தன் கண்தான் என்பது அக்காவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்ததாம். அதைச் சொல்லும்போது இன்றும் விரல் ஐந்தைக் காட்டுவார்.

காலரம்மா காலரிலேயே உட்கார்ந்தார். சூப்பர்வைசர் ஒரு மன்னிப்பை வாய்க்குள்ளேயே மென்று விழுங்கினார். மேலாளர் அக்காவிடம், "ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோட முடிச்சுக்கலாம், நீங்க அதே மேசையில இருங்க" என்றார்.

"வேண்டாம் சார். அந்த லைன் சட்டையை இனிமே நான் பார்க்கறது சரியா வராது. என்னை வேற லைனுக்கு மாத்துங்க."

"வேற இடம் ஒன்பதாம் லைன்தான் இருக்கு. தலையணை உறை."

தலையணை உறைக்கு நாலு நேர்த்தையல். காலர் கிடையாது, கை கிடையாது, பட்டன்கூடக் கிடையாது. பெரிய ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டிருந்தவரை வாசலில் உட்கார்ந்து காய்ச்சல் பார்க்கச் சொன்ன மாதிரி.

"சரி சார்." வாசல்வரை போனவர் திரும்பினார். "அந்தப் புத்தகத்தைக் குடுத்துடுங்க. இன்னும் எழுபது பக்கம் இருக்கு."

"இது ஆதாரம்மா."

"படிச்சுட்டுக் கொண்டுவந்து குடுத்துடறேன் சார்."

லைனில் இரண்டு வாரம் அவரைப் 'புக்கு' என்று கூப்பிட்டுப் பார்த்தார்கள். கூப்பிட்டபோதெல்லாம் அக்கா, "என்ன?" என்று திரும்பிக் கேட்டார். அதில் சுவை இல்லாமல் போய், பழைய பெயருக்கே வந்துவிட்டார்கள்.

இப்போது அம்பு அக்கா ஒன்பதாம் லைனில் தலையணை உறை பார்க்கிறார். காலரம்மா வேறு லைன் என்பதால் அவரிடம் எதை வாங்கவும் விதி தடுக்கவில்லை. சாயங்காலம் இருவரும் ஒரே பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து போகிறார்கள். இதுவரை பதினாறு புது நாவல்கள் முடிந்திருக்கின்றன. ஒவ்வொன்றையும் அக்கா முதல் அத்தியாயம் முடியும் இடத்தில் பிரித்துப் படித்துப் பார்த்துத்தான் வாங்குகிறார். நல்ல இடத்தில் ஒட்டப் பச்சை ஸ்டிக்கர் வேண்டுமென்று ஸ்டோரில் எழுதிக் கேட்டார். அந்தக் கடிதம் என் கோப்பில்தான் இருக்கிறது, இன்னும் பதில் வரவில்லை. போன வாரம் என்னிடம் ஒரு விஷயம் சொன்னார். காலரம்மா ரொம்ப நல்ல நாவல் ஒன்றைப் படித்து முடித்துவிட்டு, கொடுக்காமல் ஒளித்து வைத்திருக்கிறாராம். எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"மூணு நாளா பஸ்ஸுல சும்மா சிரிச்சுட்டு வர்றா தம்பி."